மேனேஜர் வாங்கிய மொய்

“மொய்யில வர்றது ரூவா மட்டும் இல்லடா, ரூவாயோட சேந்து இன்னொண்ணும் வரும், அதையும் பாத்துத்தான் வாங்கிக்கணும்” என்று மெய்யநாதனின் பெரியப்பா சொல்வார். அந்த இன்னொன்று என்ன என்பதையும் அவர் சொல்லித்தான் இருக்க வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்துப் பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கத்தினார்களோ, மைக் செட் கரகரத்ததோ, மீதி வாக்கியம் காதில் விழாமல் போயிற்று, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார், அதற்குப் பிறகு மெய்யநாதனும் மஸ்கட்டுக்குப் போய், ஒரு சிமெண்டுக் கம்பெனியின் கிடங்கில் மூட்டைகளுக்குக் கணக்கு வைத்தபடி வாலிபம் முழுவதையும் கழித்து, கம்பெனி மூடியதும் நாற்பத்தெட்டு வயதில் நரையோடு திரும்பி வந்தான்.

எங்கள் பக்கம், பேராவூரணிக்குத் தெற்கே தென்னை தவிர வேறு எதுவும் கண்ணில் படாத ஊர்களில், ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு பந்தல் விழும். பணம் தேவைப்படுகிற வீடு ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறியோடு சோறு போடும், சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வந்து மொய் எழுதுவார்கள், எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியவர் போய் அதைத் திருப்பிச் செய்து மேலே கொஞ்சம் கூட்டியும் வைப்பார், அந்தக் கூடுதலுக்குப் புது நடை என்று பெயர். ஒரு வீடு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கலாம். போட்ட மொய்யை வாய்விட்டுக் கேட்பது அசிங்கம், அழைப்பு வந்து போகாமல் இருப்பது அதைவிட அசிங்கம். இப்படித்தான் எங்கள் ஊரில் போர் போட்டார்கள், லாரி வாங்கினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், இருதயத்துக்குக் குழாய் வைத்தார்கள்.

திரும்பி வந்த மெய்யநாதனுக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. அவன் பெட்டி நிறையக் கொண்டுவந்திருக்கிறான் என்று ஊர் நம்பியது, பெட்டியில் இருந்ததோ இரண்டு மொழிகளில் நல்ல பெயர் வாங்கியதற்கான சான்றிதழ்களும் ஒரு பழைய தேநீர்க் குடுவையும்தான், இதை யாரிடமும் சொல்ல முடியாமல் காலையில் குளக்கரைக்கும் மத்தியானம் கடைத்தெருவுக்கும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குமாக அவன் நடந்துகொண்டே இருந்தான். வந்திறங்கிய அன்று அந்தப் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு செவலை நாய் அவன் பெட்டியை மோந்துகொண்டே வீடுவரை வந்தது, வாசலில் படுத்தது, அதற்குப் பிறகு ராத்திரிக்கு வேறு வாசலுக்குப் போகவில்லை. அதற்கு ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தது. கொப்பரை வியாபாரி திருமேனியின் களத்தை ஒவ்வொரு காலையும் ஒரு சுற்றுச் சுற்றி, காய வைத்த தேங்காயை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தராசுத் தட்டில் ஏறி உட்காருவதால் அதை எல்லாரும் மேனேஜர் என்றார்கள். அது தூங்குவதில் கெட்டிக்கார நாய். உரிமட்டைக் குவியலில், பாக்கியம் அக்காவின் டீக்கடை பெஞ்சுக்கு அடியில், ஓடுகிற டிராக்டருக்கு ஒரு முழம் தள்ளி, எங்கே விழுந்தாலும் தூங்கும். அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் மெய்யநாதனின் கால்கள் கொஞ்சம் அடங்கும்.

ஆனி மாதக் கடைசியில் மேனேஜருக்குப் படுக்கை கொள்ளாமல் போயிற்று. ஒரு வட்டம் சுற்றும், படுக்கும், முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல எழும், மறுபடி சுற்றும். கால்நடை மருந்தகத்தில் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார்கள். தஞ்சாவூரில் டாக்டர் எஸ்தர் என்கிற இளம்பெண் ஸ்கேன் திரையில் ஒரு கறுப்பு முட்டையைக் காட்டி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரலை ஒட்டிக் கட்டி இருக்கிறது, ஆவணி முடிவதற்குள் எடுத்துவிட்டால் பிழைக்கும், எடுக்காவிட்டால் பிழைக்காது என்று சொல்லி, ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் ரத்தத்துக்கும் தங்கலுக்குமாக ஒரு தொகையையும் சொன்னாள். அந்தத் தொகையை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது, அது மெய்யநாதனிடம் இல்லை.

பேங்கில் இருந்தவர் மரியாதையானவர். “கறவை மாடுன்னா லோன் இருக்கு சார், ஆட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, கோழிக்குக்கூட மானியம் இருக்கு. நாய் என்ன சார் குடுக்கும்?”

“ஒண்ணும் குடுக்காது.”

“அதான் சார் சிக்கலே.”

திருப்பூரில் இருக்கிற மச்சினன், “அத்தான், நாய்க்கா?” என்று கேட்டுவிட்டு, சிக்னல் சரியில்லை, சிக்னல் சரியில்லை என்று மிகத் தெளிவான குரலில் சொன்னான். மஸ்கட் சிநேகிதர்கள் போனில் கும்பிடும் கைப் படங்களை அனுப்பினார்கள். நகை அடகில் இருந்தது. மிச்சம் இருந்தது வீட்டு விருந்து ஒன்றுதான், அவன் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் ஊரிலுள்ள அத்தனை விருந்துக்கும் அவன் பெயரில் மொய் எழுதிவந்த மனைவி இந்திராணி அந்த விருந்தைத் தை மாதத்துக்கு எடுத்து வைத்திருந்தாள், மகளின் நர்சிங் படிப்புக்காக.

“அதத் தொட்டிய, அப்புறம் நான் இந்த வீட்ல பேசவே மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள் அவள். பிறகு, வாசலில் சுற்றிச் சுற்றி எழுந்துகொண்டிருந்த நாயைப் பார்க்கச் சகிக்காமல், “அம்புட்டு உருக்கமா இருந்தா அது பேருலயே ஒரு விருந்த வைங்களேன்” என்று பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோபத்தில் சொன்னதை அவன் யோசனையாக எடுத்துக்கொண்டான். ஊரும் யோசித்துப் பார்த்தது, நாய் பெயரில் விருந்து வைக்கக்கூடாது என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை, அதன் ஐந்து வருஷக் கணக்கும் சுத்தமாக இருந்தது. அச்சுக்கூடத்துக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேரு?”

“மேனேஜர்.”

“இனிஷியல்?”

“இல்லை.”

“தாய்மாமன் பேர் போடணுமா?”

“தெரியலைங்க.”

“அப்ப உற்றார் உறவினர்னு போட்டுர்றேன்” என்றார்.

ஆடி இரண்டாம் ஞாயிறு மேனேஜர் இல்ல விழா நடந்தது. கறி வெந்த வாசனைக்கு வராத ஆள் இல்லை, வந்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் பந்தல் காலடியில் அந்த நாய் படுப்பதும் எழுவதுமாக இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்து கை கொஞ்சம் தாராளமாயிற்று. “என் களத்துக்குச் சம்பளம் வாங்காம மேனேஜ் பண்ணுது, நான் எழுதாம யாரு எழுதுவா” என்று திருமேனி எல்லாருக்கும் மேலாக எழுதி, அதை மைக்கில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாக்கியம் அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். புருஷனும் பிள்ளையும் இல்லாத அவளுக்கு டீக்கடை ஒன்றுதான் பிழைப்பு. “அக்கா, பாத்து” என்றான் மெய்யநாதன். “என்னத்தப் பாக்க? கடைப் பூட்ட உடைக்க வந்தவன் தொடையக் கவ்வுனது நீயா, அதுவா?” என்றாள். மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர், மேனேஜர் இதுவரை யாருக்கும் செய்ததில்லை என்பதால், ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் புது நடை என்றே போட்டுக்கொண்டு போனார், வாங்கியவர் மேனேஜர்.

மறுநாள் விடிந்ததும் மேனேஜர் முருங்கை நிழலில் ஒரு வட்டம்கூடச் சுற்றாமல் ஒருக்களித்துப் படுத்து, நாக்கு மண்ணில் படத் தூங்கியது. ஊர் எழுந்து நின்றது.

மொய் எழுதிய ஒருவராலும் உட்கார முடியவில்லை. படுத்தவர் ஒரு வட்டம் சுற்றிப் படுத்து, முதுகில் வெந்நீர் விழுந்ததுபோல எழுந்து, மறுபடி சுற்றினார். தடவிப் பார்த்தபோது இடது விலாவுக்குக் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டி இருந்தது, கொஞ்சமாக எழுதியவர்களுக்கு மிளகளவு, சுமாராக எழுதியவர்களுக்குப் புளியங்கொட்டையளவு, திருமேனிக்குப் பெரிய கொட்டைப்பாக்கு, பாக்கியம் அக்காவுக்கு எலுமிச்சம்பழம். ஏனென்றால் கட்டி தொகையை மட்டும் பார்க்கவில்லை, எழுதியவரிடம் மிச்சம் எவ்வளவு இருந்தது என்பதையும் பார்த்தது. இதைக் கேட்டுத் திருமேனிக்கு மனசு கொஞ்சம் வருத்தம்தான்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. டீக்கடை பெஞ்சுகளைத் தூக்கிக் கூரையில் செருகினார்கள், சாப்பாட்டை நின்றபடி தட்டில் ஏந்திச் சாப்பிட்டார்கள், சலூன்காரர் நடக்கிறவர் பின்னாலேயே நடந்து முடி வெட்டினார், பஞ்சாயத்துக் கூட்டம் குளத்தைச் சுற்றி வலமாக நடந்துகொண்டே நடந்தது, எதிர்க்கட்சிக்காரர்கள் இடமாக நடந்தார்கள், எதிரெதிரே வரும்போது மட்டும் வாக்குவாதம் செய்துகொண்டார்கள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஏறியவர்கள் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கப் பேராவூரணிவரை நின்றுகொண்டே போனார்கள், கண்டக்டர், “உக்காருங்க சாமி, உக்காந்தாலும் அதே டிக்கெட்டுதான்” என்று கெஞ்சினார். கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார முடியாததால் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் சீக்கிரம் முடிந்தன. பந்தலில் கேட்கும்படி பெரிய தொகை சொல்லிவிட்டுச் சிறிய தாளை மடித்துக் கொடுத்திருந்த ரெங்கையா, “எங்கடா கட்டி, காட்டு” என்று நாலு பேர் தடவிப் பார்த்துக் கடுகளவுகூட அகப்படாததால் வெளியில் தலைகாட்டாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தான். டவுன் டாக்டர்கள் கொழுப்புக் கட்டி என்றார்கள், வாயு என்றார்கள், ஊரே சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார்கள்.

விருந்து வைத்த வீட்டார் தங்களுக்குத் தாங்களே மொய் எழுதிக்கொள்வதில்லை. ஆகையால் ஊரில் மெய்யநாதன் வீட்டில் மட்டும்தான் தூக்கம் இருந்தது. திரும்பி வந்த நாள் முதல் உட்காராதவன் இப்போது நாயின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான், தூங்கினான், விழித்தபோது வாசலில் ஊர் போய் வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் கேட்டது, அது ஓயவே இல்லை, அந்தச் சத்தத்துக்குப் பிறகு தூக்கமும் அவனுக்கு முள்ளாயிற்று.

பணம் பீரோவில் இருந்தது. மேனேஜரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனான். டாக்டர் எஸ்தர் ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் முன்னும் பின்னும் ஓட்டினாள்.

“சார், இது அந்த நாய்தானா?”

“அதேதான் டாக்டர்.”

“ஒண்ணுமே இல்லையே. ஆபரேஷன் பண்ண எனக்கு உள்ள எதாவது வேணும்ல?” என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்து, “நல்ல விஷயம்தானே சார், ஏன் இப்படி நிக்கிறீங்க?” என்றாள்.

கட்டி இருந்தபோது பணம் இல்லை, பணம் வந்தபோது கட்டி இல்லை, கட்டி போன இடங்களிலெல்லாம் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மெய்யநாதன் வீடு வீடாகப் போய்ப் பணத்தை நீட்டினான். யாரும் வாங்கவில்லை. “என்ன தம்பி, எழுதுன மொய்ய மூஞ்சியில எறியிறியா?” என்று நடந்துகொண்டே கேட்டார்கள், அவனும் அவர்கள் கூடவே நடந்துகொண்டு, “அப்படி இல்லண்ணே” என்றான். “விருந்துன்னு ஒண்ணு வைப்போம்ல, அப்ப வந்து செய்யி. அதுதான மொற.”

முறைப்படியே முதல் அழைப்பு திருமேனி வீட்டிலிருந்து வந்தது, பேத்திக்குக் காதுகுத்து. மெய்யநாதன் மேனேஜரைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனான், நின்றபடி சாப்பிட்டான், மேனேஜர் பெயரைச் சொல்லி, திருமேனி எழுதியிருந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்து, மேலே புது நடையாகக் கொஞ்சம் சேர்த்து எழுதச் சொன்னான். பேனா தாளைவிட்டு எழும்பியது, திருமேனி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தலே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காலை நீட்டினார், கண்ணை மூடினார், ஆழமாக ஒரு மூச்சு விட்டார், அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள், வாலிபம் முதல் அவர் நெஞ்சில் புல்லாங்குழலாக ஊதிக்கொண்டிருந்த இழுப்பு அந்த மூச்சில் இல்லை. பந்தல் காலடியில் மேனேஜர் எழுந்து ஒரு வட்டம் சுற்றியது, படுத்தது, எழுந்தது, அதன் நெஞ்சுக்குள்ளிருந்து திருமேனியின் இழுப்பு கேட்டது.

கட்டியைத் திருப்பி வாங்கியது மொய். இழுப்பை வாங்கிக்கொண்டது புது நடை. இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை, பந்தியில் பாயசம் வருவதற்குள் ஊருக்கே புரிந்திருந்தது.

அதற்குப் பிறகு விழுந்த பந்தல்களுக்குக் கணக்கு இல்லை. ஐந்து வருஷம் ஆகாதவர்கள் மெய்யநாதன் காட்டிய வழியிலேயே போனார்கள், பசு பெயரில் வைத்தார்கள், போர் மோட்டார் பெயரில் வைத்தார்கள், செத்துப்போன சித்தப்பா பெயரில் வைத்தார்கள். ஒரே நாளில் இரண்டு பந்தல், மூன்று பந்தல். மேனேஜர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அதன் விலாவில் திரண்டன, அதற்கு மேல் சலூன்காரரின் ஒற்றைத் தலைவலி வந்தது, பஞ்சாயத்துத் தலைவரின் சர்க்கரை வந்தது, யாருடைய பழைய சேற்றுப்புண்ணோ வந்தது, ஆறாவது படிக்கிறபோது அப்பன் அடித்ததில் கேட்காமல் போன ஒருவரின் வலது காதுகூட வந்தது. அது ஒருவரின் இருமலை இருமியது, இன்னொருவரின் கால் இழுப்பில் நடந்தது. ஊர் அதைக் கல்நெஞ்சோடு பார்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவித்த முட்டை கொண்டுவந்தார்கள், ஈரல் கொண்டுவந்தார்கள், தலையைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், துடைத்த கையோடு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பிதழை நீட்டினார்கள்.

“போதும், இனி எங்கயும் போக வேணாம்” என்றான் மெய்யநாதன்.

“போகலன்னா?” என்றாள் இந்திராணி. அவளும் நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். “தை மாசம் நம்ம பந்தலுக்கு எவன் வருவான்? நீங்க இங்க இல்லாத காலத்துல ஒவ்வொரு பந்தலா நான் ஏறி இறங்குனது எதுக்கு? புள்ள படிக்க வேணாமா?” பிறகு, “அதுக்கு வாயில்லங்க. இருந்தா எம் மூஞ்சியில காறித் துப்பும்” என்றாள்.

அவன் போனான். போன ஒவ்வொரு பந்தலிலும் ஆபரேஷனுக்கு இருந்த பணம் குறைந்தது, புது நடைக்கு வாங்கிய கைமாற்று ஏறியது, எடுக்க வேண்டிய கட்டி வளர்ந்தது. திரும்பும் வழியெல்லாம், உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஊரின் நடுவே, அவனும் நாயும் மட்டும் நடந்தார்கள், இரவில் அது சுற்றினால் அவனும் எழுந்து சுற்றினான்.

எழுதிய எல்லாரும் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு பாக்கியம் அக்கா ஒருத்தி மிச்சம் இருந்தாள். எலுமிச்சம்பழத்தைப் புடவையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேய்ந்துபோன இரண்டு முழங்காலோடும், டீக்கடைக்குள் அடுப்புக்கும் கல்லாவுக்குமாக நடந்தபடி இருந்தாள். நடக்கிற நடையில் பால் பொங்கி வழிந்தது.

“நீங்களும் ஒரு விருந்த வைங்கக்கா.”

“எனக்கு யாரு இருக்கா, யார் பேர்ல வைக்க? அந்த டீ வடிகட்டி பேர்லயா?”

“வைங்கக்கா. நடக்க முடியல உங்களால.”

“நடக்காம இருக்கத்தான் முடியல” என்றாள் அக்கா. “போடா. அது மேல இனி ஒரு தூசி வச்சாலும் தாங்காது. எம் பங்கு எங்கிட்டயே இருந்துட்டுப் போகுது, நான் எங்க போகப் போறேன்.”

ஆவணி முடியும் தருவாயில் ஒரு காலை மேனேஜர் சுற்றுவதை நிறுத்தியது. நான்கு காலும் நான்கு பக்கம் போக, திருமேனியின் இழுப்போடு வாசலில் கிடந்தது. மெய்யநாதன் லோடு ஆட்டோ பிடித்து வைக்கோல் போட்டு அதைத் தூக்கிக் கிடத்தினான், பீரோவைத் திறந்தான், பாக்கியம் அக்கா எழுதிய மொய்யும் அதற்குமேல் ஒரு தாளும்தான் இருந்தன, எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆட்டோ டீக்கடையைத் தாண்டும்போது அக்கா அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். தஞ்சாவூர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தாள், ஒவ்வொரு பள்ளத்திலும் நாயின் தலையைக் காலால் அணைகொடுத்து ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எஸ்தர் இந்த முறை திரையை வெகுநேரம் பார்த்தாள். “போன தடவை ஒண்ணுமே இல்ல. இப்ப ஒரு ஜெனரல் வார்டே உள்ள இருக்கு சார்.” பிறகு அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னாள், அவனால் உட்கார முடியவில்லை. “எடுத்துரலாம். கஷ்டம்தான், ஆனா முடியும். இன்னிக்கே பண்ணணும், நாளைக்கு இல்ல.” தொகையைச் சொன்னாள். அவன் மடியிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டு மேசை விளிம்பைத் தேய்த்தாள். “இது மருந்துக்கே வராது. என் கூலிய நான் விட்டுத் தரேன், அப்பவும் வராது.”

“வேற வழி?”

“ஒரு டிரஸ்ட் இருக்கு, சென்னையில. முழுச் செலவும் அவங்களே பாத்துக்குவாங்க, இந்தப் பக்கத்துலயே ரெண்டு மூணு நாய்க்குக் குடுத்திருக்காங்க.” அவள் போனில் அந்த நம்பரைத் தேடினாள். “ஆனா யாரும் இல்லாத நாய்க்குத்தான் குடுப்பாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் அவங்க வண்டியே வந்து எடுத்துட்டுப் போயிரும். செங்கல்பட்டுத் தாண்டி அவங்க காப்பகம் இருக்கு, நல்லாத்தான் வச்சுக்குவாங்க. திரும்பத் தர மாட்டாங்க, போய்ப் பாக்கவும் விட மாட்டாங்க, பழைய ஆள் வாசம் பட்டா நாய் ஏங்கிப் போயிருமாம். வீட்டு நாய்னு தெரிஞ்சா குடுக்கவே மாட்டாங்க.” வாசலைப் பார்த்தாள். “குளுக்கோஸ் ஏத்தச் சொல்றேன். அது முடியிறதுக்குள்ள சொல்லுங்க சார்.”

அவன் வெளியே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பாக்கியம் அக்கா மேற்கும் கிழக்குமாக நடந்துகொண்டிருந்தாள், கையில் எதிர்க் கடையில் வாங்கிய டீயும் பன்னும் இருந்தன. “பச்சத் தண்ணி குடிக்காம வந்திருக்க, இந்தா” என்று திணித்தாள். “என்னவாம்?” அவன் சொன்னான். அவளோடு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னான், டிரஸ்ட், வண்டி, காப்பகம், போய்ப் பார்க்க முடியாது என்பது எல்லாம்.

“எம் மொய்ய வச்சுக் கட்டு. மிச்சத்துக்கு என் தோட்டக் கழட்டித் தாரேன்.”

“ரெண்டையும் சேத்தாலும் கால்வாசிகூட வராதுக்கா.”

“வராதா?”

“வராது.”

அவன் பன்னை டீயில் நனைத்துக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டான். டீயைக் குடித்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மடியிலிருந்த பணத்தை எடுத்து, மேலே அந்த ஒரு தாளையும் வைத்து, அவள் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வைத்தான்.

“மேனேஜர் மொய்க்கா. மேல புது நடை.”

“அடப் பாவி, இது விருந்தாடா?” என்று அக்கா கையை உதறப் பார்த்தாள். “பன்னுடா இது!”

“நான் சாப்பிட்டேன்லக்கா. சாப்பிட்டவன் செய்யாமப் போகலாமா?”

“வேணாம்டா, அது தாங்காதுடா, சொன்னாக் கேளு…”

“எல்லாம் உள்ள வந்தாத்தான டாக்டர் எடுக்க முடியும். உங்ககிட்ட ஒரு துண்டு நின்னுபோனா அது இங்கேயே கெடந்து வளரும். அப்ப நான் யார்கிட்ட போயி நிப்பேன்?”

அவள் முழங்கால்கள் மடங்கின. விழப்போகிறாள் என்று அவன் பிடித்தான், அவள் விழவில்லை, ஆஸ்பத்திரிப் படியில் மெதுவாக உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், மடக்கினாள், வலிக்காத காலை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே மேனேஜர் நீளமாக ஒரு குரல் கொடுத்தது.

அவன் உள்ளே ஓடினான். தகர மேசையில் கிடந்த நாய் அவன் வாசனைக்கு வாலைத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டியது, மூச்சு வாங்கி மறுபடியும் தட்டியது. குளுக்கோஸ் பாட்டிலில் விரலளவு மிச்சம் இருந்தது. டாக்டர் எஸ்தர் கையுறை போட்ட ஒரு கையால் நாயின் விலாவைப் பிடித்தபடி, இன்னொரு கையால் போனை அவன் பக்கம் நீட்டினாள், ஸ்பீக்கரில் டிரஸ்ட்டிலிருந்து ஓர் ஆணின் குரல், அவசரமில்லாத குரல், முன்பே கேட்டதைத் திரும்பக் கேட்டது: “கூட்டிட்டு வந்தவர் லைன்ல இருக்காரா? சார், அந்த நாய் யாரோடது?”

மேனேஜரின் வால் தகரத்தில் இன்னொரு தட்டுத் தட்டியது. மெய்யநாதன் அதன் தலையின் மேலிருந்த கையை எடுத்தான்.

“யாரோடதும் இல்லை” என்று சொன்னான்.